டம்போலா டிக்கெட் தளம்: ஆறு டிசம்பர்களில் நடத்திய அனுபவம்

பெரம்பூரில் எங்கள் குடியிருப்பில் புத்தாண்டு இரவென்றால் டம்போலா இல்லாமல் இருக்காது. ஒருவர் எண்களைக் கூப்பிட, மற்றவர்கள் தங்கள் டிக்கெட்டில் அந்த எண்களை அடித்துக்கொண்டே வரும் ஆட்டம் அது. ஒரு வருஷம் பாரிமுனையில் வாங்கி வந்த டிக்கெட் புத்தகத்தில் எண்கள் பொடிப்பொடியாக இருந்தன. பெரியவர்கள் பாதி ஆட்டத்திலேயே டிக்கெட்டைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அது மனசை உறுத்தியது. பெரிய எழுத்தில் யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளும்படி ஒரு இணையதளம் போட்டேன்.

வெளிநாட்டுத் தளங்களில் பெரும்பாலும் இதே மாதிரி ஆட்டமான 75 எண் பிங்கோதான் கிடைக்கும். 5க்கு 5 கட்டம், நடுக்கட்டம் காலி. நாம் ஆடுவது 90 எண். 3 வரிசை, 9 பத்தி, வரிசைக்கு 5 வீதம் 15 எண்கள். முதல் பத்தியில் 1 முதல் 9 வரை, கடைசிப் பத்தியில் 80 முதல் 90 வரை.

முதல் வருஷம் டிக்கெட்டுகளைத் தனித்தனியாகத்தான் உருவாக்கினேன். அடுத்த பிளாக் மாமி ஒருவர் ஆறு டிக்கெட் வாங்கியிருந்தார். "ஏம்ப்பா, ஆறு வாங்கியும் 43 எதுலயுமே இல்லையே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முறைப்படி ஆறு டிக்கெட் கொண்ட ஒரு தாளில் 1 முதல் 90 வரை எல்லா எண்ணும் ஒரே ஒரு முறை வரவேண்டும். ஆறும் வைத்திருப்பவருக்கு எந்த எண் கூப்பிட்டாலும் அடிக்க ஒரு கட்டம் இருக்கும். இதை நிரலில் கொண்டுவருவது லேசில்லை. எந்த டிக்கெட்டிலும் ஒரு பத்தி முழுக்கக் காலியாக விடக்கூடாது, ஒரு வரிசையில் 5க்கு மேலும் போகக்கூடாது. கடைசி டிக்கெட்டுக்கு வரும்போது எண்கள் இடமில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கும். அப்படி நின்றால் மொத்தத்தையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும்படி எழுதினேன். கணினிக்கு அது கண்ணிமைக்கும் நேர வேலை.

அடுத்து, பள்ளி ஆசிரியைகள் எண்களுக்குப் பதில் தமிழ்ச் சொற்களை வைத்து அட்டை கேட்டார்கள். ஆசையாகச் செய்து கொடுத்தேன். அச்சில் 'தேங்காய்' என்பதில் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் விழுந்திருந்தது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் முதலில் தகரம், பிறகுதான் கொம்பு. அதை இடப்பக்கம் நகர்த்திக் காட்டுவது எழுத்தை வடிவமைக்கும் மென்பொருளின் வேலை. நான் பயன்படுத்திய பிடிஎஃப் நிரலுக்கு அது தெரியவில்லை. பிள்ளைகள் படிக்கிற அட்டையில் இப்படி நேர்ந்ததே என்று இரண்டு நாள் தூக்கமில்லை. அந்த நிரலைத் தூக்கிவிட்டு, பிரவுசரின் பிரிண்ட் வசதிக்கே பொறுப்பை விட்டேன். அதன் பிறகு கொம்பு இடம் மாறவில்லை.

அளவு இன்னொரு தலைவலி. ஏ4 தாளின் உயரம் 297 மி.மீ. பல பிரிண்டர்களில் லெட்டர் அளவு வைத்திருப்பார்கள், அது 279 தான். ஆறாவது டிக்கெட் மட்டும் தனியாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்குத்தானே காசு! எல்லாவற்றையும் 260 மி.மீ.க்குள் அடக்கினேன். காலிக் கட்டங்களுக்குப் போட்டிருந்த சாம்பல் நிறத்தையும் எடுத்துவிட்டேன். பார்க்க அழகாக இருந்தாலும் மையைக் குடித்தது.

மூன்றாம் வருஷம் டிசம்பர் 31, இரவு எட்டு மணிக்குத் தளம் படுத்துவிட்டது. எல்லா டிக்கெட்டையும் சர்வரில் தயாரித்ததால் தாங்கவில்லை. தளத்தை வைத்திருந்த நிறுவனம் மறுநாள் மதியம்தான் பதில் சொன்னது. எத்தனை வீட்டில் காத்திருந்தார்களோ! இப்போது டிக்கெட் உருவாவது பயன்படுத்துபவரின் போனிலேயே. அதன்பின் ஒரு முறைகூட விழவில்லை. விளம்பரத்தையும் நிறுத்திவிட்டேன், செலவு என் கையிலிருந்துதான்.

நான் மனதாரப் பரிந்துரைப்பது தாளின் மூலையில் அச்சாகும் குறியீட்டு எண்ணை. டிக்கெட்டில் எல்லா எண்ணையும் அடித்துவிட்டதாக யாராவது ஃபுல் ஹவுஸ் என்று கத்தினால், அந்த எண்ணைத் தளத்தில் போட்டதும் அதே டிக்கெட் திரையில் வரும். கூப்பிடுபவர் சரிபார்த்துவிட்டுப் பரிசு கொடுக்கலாம். சண்டையே வராது.

இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. ஜெராக்ஸ் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பச் சொல்வார். போனில் பிரிண்ட் அழுத்தி அதையே பிடிஎஃப்பாகச் சேமிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. திரையைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள், எண்கள் மங்கி வருகின்றன. அதற்கு மூன்று படங்களோடு ஒரு விளக்கப் பக்கம் தயாராகிறது. முதலில் எங்கள் பிளாக் மாமியிடம்தான் காட்டப்போகிறேன்.