பட்டிபிரஸா, பீப்சோவா?

எங்கள் பள்ளியின் பழைய மாணவர்களுக்காக, வலைத்தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒரு தளம் நடத்துகிறேன். ஆளுக்கொரு பக்கம், நட்பு, குழு, தனிச்செய்தி எல்லாம் வேண்டும் என்றார்கள். கடைசி வரை போட்டியில் நின்றவை, வேர்ட்பிரஸில் கூடுதல் வசதி சேர்க்கும் இரண்டு பிளக்இன்கள்: பட்டிபிரஸ், பீப்சோ. நான் எடுத்தது பட்டிபிரஸ்.

தோற்றத்தில் பீப்சோதான் அழகு. போட்டவுடன் பேஸ்புக் சாயலில் வந்து நிற்கும். பட்டிபிரஸ் 2009-ல் வந்தது. நல்ல தீம் (தளத்துக்குத் தோற்றம் தரும் வடிவமைப்பு) போடாவிட்டால் வயது முகத்தில் தெரியும்.

எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்பு. பட்டிபிரஸில் நட்பு, குழு, தனிச்செய்தி மூன்றும் ஒரே பிளக்இனுக்குள், இலவசமாக. வேண்டாததற்கு டிக்கை எடுத்துவிட்டால் போதும். பீப்சோவில் அடிப்படை மட்டுமே இலவசம். மற்றதில் பெரும்பகுதி காசு கொடுத்து வாங்கும் ஆட்ஆன், அதாவது பிளக்இனோடு சேர்க்கும் துணை பிளக்இன். வருடாவருடம் டாலரில் புதுப்பிக்க வேண்டும். ஆண்டுச் சந்தா முந்நூறு ரூபாய்க்கே நாலு முறை போன் போட வைக்கும் சங்கம் எங்களுடையது.

அதற்காகப் பட்டிபிரஸில் தலைவலியே இல்லை என்று சொல்லமாட்டேன். 2023 டிசம்பரில் வந்த 12.0 பதிப்பில் பக்க முகவரிகளைக் கையாளும் முறையையே மாற்றிவிட்டார்கள். நான் வைத்திருந்த பழைய ஆட்ஆன் ஒன்று அப்டேட் கொடுத்த அன்றே படுத்துவிட்டது; அதன் பக்கத்தைத் தொட்டாலே 'பக்கம் இல்லை' என்ற 404 பிழை. பட்டிபிரஸ்காரர்களே இதற்கென்று தரும் 'பிபி கிளாசிக்' பிளக்இனைப் போட்ட பிறகுதான் எழுந்தது. இப்போது ஆட்ஆன் இரண்டுக்கு மேல் வைப்பதில்லை. அப்டேட் எதுவானாலும் முதலில் நகல் தளத்தில்தான்.

புகைப்பட ஆல்பம்தான் முக்கியம் என்றால் பீப்சோவைப் பாருங்கள். பட்டிபிரஸில் அது கூடவே வருவதில்லை. ஆண்டு விழாப் படங்களுக்கு நாங்கள் இன்னும் டிரைவ் லிங்க்தான் அனுப்புகிறோம்.

பீப்சோவை நான் மூன்று வாரம் சோதனைத் தளத்தில்தான் ஓட்டினேன், அதுவும் ஐந்து பேரோடு. பட்டிபிரஸிலிருந்து கிளைத்த பட்டிபாஸின் டெமோவை மட்டும் பார்த்தேன். அதனால் இரண்டையும் குறைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை.

ஒன்று, எதை எடுத்தாலும் புது உறுப்பினர் பதிவை எல்லோருக்கும் திறந்து போடாதீர்கள். எங்களுக்கு முதல் வாரமே போலிக் கணக்குகள் குவிந்தன. அப்புறம் பதிவுப் படிவத்தில் ஒரே ஒரு கேள்வி சேர்த்தேன்: 'நம் பள்ளியில் மணி அடித்தவர் பெயர் என்ன?' அதோடு நின்றது. ஆனால் எங்கள் செட்டிலேயே இரண்டு பேருக்குப் பதில் தெரியவில்லை. போன் போட்டுக் கேட்டார்கள்.