மாற்றி எழுதுவதா, நடந்து எழுதுவதா, நின்று எழுதுவதா?

அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள், எங்கள் பகுதியைப் பற்றி ஒரு பத்தி எழுதிக் காட்டினாள். "எங்கள் வீடு கீழ மாசி வீதிக்கு அருகில் உள்ளது. அங்கு பல மளிகைக் கடைகள் உள்ளன. பக்கத்தில் தேர்முட்டி உள்ளது. கோயிலும் அருகில்தான் உள்ளது." பிழை எதுவும் இல்லை. ஆனால் வாசித்துவிட்டு அவளே முகத்தைச் சுளித்தாள். "சித்தி, எல்லா வரியும் ஒரே மாதிரி முடியுது, எனக்கே பிடிக்கல."

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது காதில் பட்டதே பெரிய விஷயம். சரி, இதையே வைத்துப் பழகலாம் என்று இருவரும் உட்கார்ந்தோம். மூன்று வழிகளைச் சோதித்தோம். பொருள் மூன்றுக்கும் ஒன்றுதான்: கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று அடுக்கடுக்காக விரியும் மதுரையின் வீதிகள்.

முதல் வழி பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பது. ஒரு வாக்கியத்தை எடுத்துத் தனி வாக்கியம், தொடர் வாக்கியம், கலவை வாக்கியம் என்றும், செய்வினை, செயப்பாட்டுவினை என்றும் மாற்றிப் பார்ப்பது. தேர்வில் கேட்பார்கள் என்பதால் இதை விட முடியாது. ஆனால் தெருவை எழுத இது மட்டும் போதாது. "லோடுமேன் மூட்டையை இறக்கினார்" என்பதை "லோடுமேனால் மூட்டை இறக்கப்பட்டது" என்று மாற்றினாள். இலக்கணம் சரி, ஆனால் லோடுமேனின் முதுகும் வியர்வையும் காணாமல் போய்விட்டன. அதே செயப்பாட்டுவினை வேறோர் இடத்தில் தானாக வந்து பொருந்தியது: "ஆங்கிலேயக் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, அந்த இடத்தில் வெளி வீதிகள் போடப்பட்டன." கடப்பாரை பிடித்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. சுவருக்கு என்ன ஆனது என்பதுதான் இங்கே முக்கியம். எந்த வடிவம் எங்கே தேவை என்பதை மாற்றிப் பார்க்கும் பயிற்சி சொல்லித் தராது, பொருள்தான் சொல்லித் தரும்.

இரண்டாவது வழி, நடந்துவிட்டு வந்து, நடந்த வரிசையிலேயே எழுதுவது. மதுரை இதற்கென்றே கட்டிய ஊர் போல இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே போகப் போக வீதியின் பெயர் மாறிக்கொண்டே வரும். அவள் எழுதியது இது: "கீழ வெளி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாரட் வீதியைக் கடந்து, மாசி வீதி மூட்டைகளுக்கு நடுவே வழி பிடித்து, ஆவணி மூல வீதியையும் தாண்டி, புதுமண்டபத்தை ஒட்டி நடந்து, கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே சித்திரை வீதியில் நின்றேன்."

எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் இது. 'இறங்கி', 'கடந்து' என்று முடியாமல் நிற்கும் தமிழின் வினையெச்சம் இப்படித்தான் ஆளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். 'நின்றேன்' என்று முற்று வரும் இடத்தில்தான் கால் நிற்கும். எங்கே நிறுத்தலாம் என்ற பிடி இந்தப் பயிற்சியில் வருவது போல வேறு எதிலும் வராது.

ஆனால் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, ஐந்தாறு வாக்கியம் இப்படியே போனால் "உள்ளது, உள்ளது" என்பதற்குப் பதில் "நடந்து, கடந்து" என்று வேறொரு சலிப்பு வந்துவிடும். இன்னொன்று எழுவாய்ச் சிக்கல். "நான் மாசி வீதிக்குள் நுழைந்து, மிளகாய் நெடி மூக்கில் ஏறியது" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தாள். நுழைந்தது அவள், ஏறியது நெடி. 'நுழைந்து' போன்ற 'செய்து' என்னும் எச்சம் பொதுவாக ஒரே எழுவாயோடுதான் போகும். இரண்டு எழுவாய் வந்தால் "நான் நுழைய, நெடி ஏறியது" என்றோ "நுழைந்ததும்" என்றோ மாற்ற வேண்டும். "மழை பெய்ய நெல் விளைந்தது" என்று பெரியவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு இதற்குத்தான். நடந்து எழுதும்போது 'நான்' எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டு வருவதால் இந்தப் பிழை அடிக்கடி நுழைகிறது.

மூன்றாவது, ஓரிடத்தில் அரை மணி நேரம் நின்று எழுதுவது. நாங்கள் தேர் நிறுத்தும் தேர்முட்டிக்கு எதிரே நின்றோம். முதல் பத்து நிமிடம் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். கால் நகராததால் 'நான்' என்று தொடங்க வழியில்லை. அதனால் மற்றவையெல்லாம் எழுவாய் ஆகத் தொடங்கின. அப்புறம் வந்த வரிகளைப் பாருங்கள்:

"சித்திரைத் தேர் நிற்கும் இடம் மாசி வீதி. பெயருக்கும் திருவிழாவுக்கும் ஏன் இந்தப் பொருத்தமின்மை? மூட்டை ஏற்றிய தட்டுவண்டி திரும்ப, பின்னால் வந்த ஆட்டோ நின்றது. 'ஓரமா போ பாப்பா' என்றார் ஒருவர். தலையில் சிவப்புத் துண்டு, கையில் கொக்கி. வெயில்."

எண்ணிப் பார்த்தேன். வினையே இல்லாமல் பெயரில் முடியும் வாக்கியம், வினா, இரண்டு எழுவாய் கொண்ட 'செய' எச்சம், நேர்க்கூற்று, பயனிலையை முன்னால் போட்ட வாக்கியம், ஒற்றைச் சொல். "சித்திரைத் தேர் நிற்கும் இடம்" என்பதில் பெயரெச்சமும் வந்துவிட்டது. இவற்றில் ஒன்றையும் நான் கேட்டு வாங்கவில்லை. அவள் பார்த்தவை வெவ்வேறு மாதிரி இருந்தன, வாக்கியங்களும் அப்படியே அமைந்தன. அந்த வினாவும் நல்ல வினா. சித்திரைத் தேரோட்டம் நடப்பது மாசி வீதிகளில்தான். சின்ன வயதிலிருந்து பார்த்தும் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

இதிலும் குறை உண்டு. துண்டு துண்டாக நிற்கும், ஒன்றோடொன்று ஒட்டாது. அதற்கு நடந்து எழுதும் வழி உதவும்.

ஆக, நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு நின்று எழுதும் வழியைத்தான் சொல்வேன். ஒரு வாரம் இருந்தால் நான்கு நாள் நில்லுங்கள், இரண்டு நாள் நடங்கள். மாற்றி எழுதுவதைக் கடைசி நாளுக்கு வையுங்கள், அதுவும் நீங்களே எழுதிய பத்தியில், சலிப்புத் தட்டும் வரிகளில் மட்டும். புத்தகத்து வாக்கியத்தை மாற்றிப் பழகுவதற்கும் சொந்தத் தெருவின் வாக்கியத்தை மாற்றுவதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. மாற்றியது பொருந்தவில்லை என்றால் தெருவை அறிந்தவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஊருக்குக் கிளம்பும் முன் அவள் முழுப் பத்தியையும் திரும்ப எழுதினாள். 'உள்ளது' என்று ஒரே ஒரு வரி மிச்சம் இருந்தது: "1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையைத் துறந்து அரை வேட்டியோடு வெளியே வந்த வீடு, மேல மாசி வீதியில் இன்னும் உள்ளது." இதையும் மாற்றட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.