ஸ்பீக்கரில் இரைச்சல் வருகிறதா? 6,800 ரூபாயைத் தொலைத்துவிட்டுச் சொல்கிறேன், ஆளைக் கூப்பிடுவதற்கு முன் படியுங்கள்

நேற்று சாயந்திரம்தான் விஷயம் தெரிந்தது. ராத்திரி தூக்கமே இல்லை. மனசு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மும்பை செம்பூரில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். மழை தொடங்கியதும் ஜன்னலோரம் ஒழுகியதால் கம்ப்யூட்டர் மேஜையை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். பிளக் எட்டவில்லை என்று கடைத்தெருவில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி மாட்டினோம். அன்றிலிருந்து ஸ்பீக்கரில் ‘ஊம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். பாட்டு ஓடினாலும் வரும், ஓடாவிட்டாலும் வரும்.

மற்றவர்களுக்கு இது சின்னத் தொல்லையாக இருக்கலாம். என் சுருதி ஐந்து கட்டை. இரைச்சல் அந்த ஸட்ஜத்துக்கு, அதாவது பாட்டுக்கு ஆதாரமான ‘ஸ’வுக்கு, இம்மி மேலே வந்து நின்றது. நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். கரண்டால் வரும் இரைச்சல் அதன் மடங்குகளில்தான் கேட்கும். நாலு மடங்கு 200, ஐந்து கட்டை ஸட்ஜமோ 196. ஒரு குழந்தை சரியாகப் பாடினால்கூட எனக்கு இறங்கின மாதிரி கேட்கும். திருத்துவேன். அது குழம்பிப்போய் இன்னும் ஏற்றிப் பாடும். இப்படி மூன்று வாரம்.

வீட்டுக்கே வந்து பழுதுபார்க்கும் ஆப் ஒன்றில் பதிவு செய்தேன். வந்த பையன் செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தான். சுவரில் முருகன் படத்தைப் பார்த்ததும், “டீச்சர், நீங்க தமிழா? நமக்குத் திருநெல்வேலிப் பக்கம்” என்றான். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். இந்த ஊரில் வேலைக்கு வருகிறவரிடம் இந்தியிலேயே திக்கித் திக்கிப் பேசிப் பழகினவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? காபி போட்டுக் கொடுத்தேன். “அக்கா மாதிரி இருக்கீங்க” என்றான்.

கம்ப்யூட்டர் கேபினட்டைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்கிறது என்று அவனிடம் நான் சொன்னேன். இதை அடித்துச் சொல்கிறேன், நான் சொன்னேன். “மழைக்காலத்துல அப்படித்தான் இருக்கும்” என்றான். ஸ்பீக்கரில் காதை வைத்தான், ஸ்கிரீனில் எதையோ திறந்து மூடினான். “மதர்போர்டுல சவுண்டு ஐசி போயிடுச்சு. போர்டையே மாத்தணும். ஆப் வழியா போனா 7,300. கமிஷன் அவங்களுக்குத்தான் போகும். நேரா எனக்கே போடுங்க, 500 குறைச்சுக்கிறேன்.” உடனே போனில் 6,800 ரூபாய் அனுப்பினேன். பில் கேட்கவில்லை. ஊர்க்காரப் பையனிடம் பில் கேட்க வாய் வரவில்லை.

கேபினட்டைத் தூக்கிக்கொண்டு போனவன் நாலு நாள் கழித்துக் கொண்டுவந்தான். லிஃப்டில் இருந்தபடியே “வேற கால் இருக்கு டீச்சர், நீங்களே மாட்டிக்குங்க” என்று கிளம்பிவிட்டான். மாட்டினேன். அதே ‘ஊம்ம்ம்’.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் நாள், “ஸ்பீக்கர் பழசு, அதையும் மாத்துங்க”. மறுநாள், “ஊர்ல இருக்கேன்”. மூன்றாம் நாளிலிருந்து என் எண்ணையே முடக்கிவிட்டான். ஆப்பின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால், “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், 48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்”. யாரும் தொடர்புகொள்ளவில்லை. திரும்பக் கேட்டால், பணம் ஆப்புக்கு வெளியே போனதால் பொறுப்பேற்க முடியாதாம். ஆளை அனுப்பியது நீங்கள்தானே, அவன் எங்கே என்று கேட்டேன். பதிலுக்கு, புகார் தீர்க்கப்பட்டது என்று ஒரு செய்தி வந்தது. யாருக்குத் தீர்ந்தது? என் 6,800 ரூபாய் எங்கே?

நேற்று சாயந்திரம் ஃபேன் ரிப்பேருக்கு எங்கள் கட்டிடத்து வயர்மேன் வந்தார். போகிறபோது, கேபினட் ஷாக் அடிப்பதைச் சும்மா சொல்லிவைத்தேன். டெஸ்டரை வைத்தார், மங்கலாக எரிந்தது. நேரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திருகிக் கழற்றினார். உள்ளே பச்சை ஒயர் எதிலும் மாட்டாமல் சுருண்டு கிடந்தது. “அர்த்திங் ஹீ நஹி ஹை, தீதி” என்றார், எர்த்தே இல்லையாம். பத்து நிமிஷத்தில் முடுக்கி மாட்டினார். ஸ்பீக்கரைப் போட்டேன். நிசப்தம். தம்பூரா மட்டும் கேட்டது. அழுகையே வந்துவிட்டது. அவர் வாங்கிக்கொண்டது 150 ரூபாய்.

எர்த் இல்லாததால் கேபினட்டுக்கு வந்த கசிவுக் கரண்ட் தரைக்குப் போக வழியில்லாமல், ஆடியோ ஒயர் வழியாக ஸ்பீக்கருக்குள் போயிருக்கிறது. சவுண்டு ஐசிக்கு ஒன்றுமே ஆகவில்லை. சந்தேகம் வந்து கேபினட்டின் பக்கவாட்டு மூடியையும் கழற்றச் சொன்னேன். பழைய தூசி கம்பளி மாதிரி அப்படியே படிந்திருக்கிறது. மதர்போர்டுத் திருகுகளில் உப்புக்காற்றில் ஏறிய துரு அப்படியே இருக்கிறது. அதை யாரும் தொடக்கூட இல்லை. நாலு நாள் எங்கேயோ சும்மா வைத்திருந்து திருப்பிக் கொடுத்திருக்கிறான். அதற்கு 6,800 ரூபாய். அது ஐந்து பிள்ளைகளின் ஒரு மாதச் சம்பளம்.

வகுப்புக்கு நேரமாகிறது, சொல்ல வேண்டியதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரின் ஆடியோ ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். கேபினட் சுருக்கென்றால் முதலில் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள், எர்த் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு யாராவது மாட்டித் தந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எதைக் கொடுத்தனுப்பினாலும் மூடியைத் திறந்து உள்ளே போட்டோ எடுத்துவிட்டுக் கொடுங்கள். பணத்தை ஆப்புக்கு வெளியே கொடுக்காதீர்கள், பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

காலையில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். பணம் அனுப்பிய ரசீதும் அவன் அனுப்பிய செய்திகளும் கையில் இருக்கின்றன. செம்பூர், சயான், மாட்டுங்கா பக்கம் “நமக்குத் திருநெல்வேலிப் பக்கம்” என்று சொல்லிக்கொண்டு கம்ப்யூட்டர் பார்க்க ஒருவன் வந்து, மதர்போர்டு போய்விட்டது என்று சொன்னால், கேபினட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.