சமவெளி மாடிக்கு ஏற்ற பெட்டூனியா: ‘ஈஸி வேவ்’ விதை எப்படி?

தொங்கும் தொட்டிக்குப் பெட்டூனியா என்றதும் பலரும் தேடுவது ‘பர்ப்பிள் வேவ்’. 1995-ல், புதிய ரகங்களைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் அமெரிக்க அமைப்பு தரும் ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது பெற்ற ரகம். படர்வதில் குறையே இல்லை. ஆனால் அது மொட்டு விட நீண்ட பகல் வேண்டும். சென்னையில் மார்கழிப் பகல் பதினொன்றரை மணி நேரம்கூடக் கிடையாது. கொடி ஓடிக்கொண்டே இருக்கும், பூ தாமதமாகும். அதே பான்அமெரிக்கன் சீட் நிறுவனத்தின் ‘ஈஸி வேவ்’ குறைந்த பகலிலும் பூக்கும், இரண்டரை அடிக்கு மேல் படரும். நம் குளிர்காலத்துக்கு இதையே வாங்குங்கள்.

விதை பூச்சு ஏற்றி வருகிறது. பெட்டூனியா விதை ஒரு கிராமுக்குப் பத்தாயிரம் அளவில் இருக்கும் என்பதால், கையால் விதைப்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் பூச்சு முழுக்கக் கரைய வேண்டும். பாதி நனைந்து காய்ந்தால் ஓடுபோல் இறுகி முளையை அடைத்துவிடும். ஈரமான கோகோபீட்டின் (தென்னை நார்த்தூள்) மேல் வைத்து, ஸ்பிரேயரால் பூச்சு உடையும்வரை நனையுங்கள். மண் மூட வேண்டாம், முளைக்க வெளிச்சம் தேவை. தட்டின் மேல் பிளாஸ்டிக் தாள் போட்டு நிழலான வெளிச்சத்தில் வைத்தால் ஒரு வாரத்தில் முளைக்கும். முளைத்ததும் தாளை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நாற்று அழுகும். ஐப்பசியில் விதைப்பது நல்லது. நாற்றை மழையில் மட்டும் விடாதீர்கள்.

12 அங்குலத் தொட்டிக்கு மூன்று நாற்று போதும். கலவை: மூன்று முறை அலசிய கோகோபீட் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) ஒரு பங்கு. தென்னை நார் விரித்த கம்பிக்கூடை அழகுதான், ஆனால் மாடிக் காற்றில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். நாருக்கு உட்புறம், அடியில் நாலைந்து துளையிட்ட பாலித்தீன் தாள் விரித்தால் ஈரம் நிற்கும். கூடை ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் தண்ணீர் ஓரமாகவே வழிந்து போகும். வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி எடுங்கள்.

இந்தச் செடியைக் கெடுப்பது பெரும்பாலும் போர் தண்ணீர்தான். பெட்டூனியாவுக்கு கலவையின் பிஎச் (அமில-கார அளவு) 5.5 முதல் 6 வரை வேண்டும். உப்பும் காரமும் கலந்த தண்ணீரை ஊற்ற ஊற்றக் கலவையின் பிஎச் ஏறி, இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காமல் போகிறது. நுனி இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இதைப் பார்த்து யூரியா போடுவது வீண். (அடி இலை மஞ்சளானால்தான் தழைச்சத்துக் குறை.) சேமித்த மழைநீர் இருந்தால் அதை இதற்கென ஒதுக்குங்கள். இல்லையென்றால் இரும்பு ஈடிடிஎச்ஏ (பிஎச் ஏறினாலும் வேருக்கு இரும்பு கிடைக்கச் செய்யும் உரம்) அரை கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வேரில் ஊற்றுங்கள். விலை குறைந்த ஈடிடிஏ வகை, பிஎச் ஏறிய கலவையில் பயன் தராது.

உரம் நிறையக் கேட்கும் செடி: வாரம் ஒருமுறை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள உரம்), லிட்டருக்கு ஒன்றரை கிராம். வாடிய பூவைக் கிள்ள வேண்டியதில்லை. மாசியில் நடுப்பகுதி மொட்டையானால் கொடியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள், மீண்டும் தழைக்கும். மொட்டில் ஓட்டை தெரிந்தால் அது புழு. மாலையில் தேடிப் பொறுக்கிவிடலாம்.

சித்திரை வெயிலை இது தாங்காது. எஃப்1 (முதல் தலைமுறைக்) கலப்பினம் என்பதால் விதை எடுத்து வைத்தாலும் அதே பூ வராது. அடுத்த ஐப்பசிக்குப் புதுப் பாக்கெட்தான்.