பிளாட்பேக்கில் ஜிம்ப் 3: இறக்கியது புதுசு, திறந்தது பழசு

ஹட்டனில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், மரண அறிவித்தல், தோட்டத்துக் கோயில் நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பழைய லெப்டொப், அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் 22 என்கிற இலவச இயங்குதளம். நோட்டீஸ் வேலைக்கு ஜிம்ப், படம் திருத்துகிற இலவச புரோகிராம். 2025 மார்ச்சில் ஜிம்ப் 3.0 வந்துவிட்டது, ஆனால் மிண்ட் 22 உபுண்டு 24.04 என்கிற இன்னொரு லினக்ஸ் மேல் நிற்பதால், ஏப்ட் என்கிற வழக்கமான நிறுவல் கட்டளை வழியாகப் போட்டால் இன்னமும் 2.10தான் கிடைக்கும். புதுசு வேண்டுமென்றால் சுலபமான வழி பிளாட்பேக், எந்த லினக்ஸிலும் புரோகிராம் போட உதவுகிற தனி முறை. மிண்டில் அது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, தனியாகப் போடத் தேவையில்லை.

கட்டளை அடிக்கிற ஜன்னலான டெர்மினலில் 'பிளாட்பேக் இன்ஸ்டால் ஜிம்ப்' என்று அடித்ததும் அதுவே தேடிப் பிடித்து, இதுதானா என்று கேட்டது. சரி என்றேன். அப்புறம்தான் பார்க்கிறேன், ஜிம்ப் தனியாக வரவில்லை, ரன்டைம் என்று, அது ஓடத் தேவையான பொதுக் கோப்புகளின் பெரிய மூட்டையையும் கூட்டிக்கொண்டு வருகிறது, மொத்தம் பல நூறு எம்பி. மழை நாளில் எங்கள் பக்கம் சிக்னல் எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்? இரவு டேட்டா மிச்சமிருந்ததால் நள்ளிரவுக்குப் பிறகு போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் தோட்டத்துக் கோயில் கமிட்டி அண்ணன் ஒருவர் தேர்த் திருவிழா நோட்டீஸோடு வந்தார். அம்மன் பெயரைச் சுற்றி வெள்ளைக் கோடு வேண்டுமாம். 3.0இல் எழுத்துக் கருவியிலேயே அவுட்லைன் இருக்கிறது என்று படித்திருந்ததால் தைரியமாக, "அஞ்சு நிமிஷம் அண்ணே" என்றேன். எங்கே தேடியும் அந்த வசதியைக் காணோம். "தம்பி, மஸ்கெலியா பஸ் போயிரும்" என்கிறார் அவர். கடைசியில் ஹெல்ப் மெனுவில் எபவுட்டைத் திறந்தால் 2.10! பழைய ஏப்ட் ஜிம்ப்பை நான் நீக்கவே இல்லை, கீழே பேனலில் குத்தி வைத்திருந்த ஐக்கன் அதைத்தான் திறந்துகொண்டிருந்தது. டெர்மினலில் வெறும் 'ஜிம்ப்' என்று அடித்தாலும் அதே கிழவன்தான் வந்தான். அண்ணனுக்குப் பழைய முறையிலேயே கோடு போட்டுக் கொடுத்து அனுப்பினேன், பஸ்ஸைப் பிடித்தாரா தெரியவில்லை.

தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பிளாட்பேக் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. போடும்போது 'ஜிம்ப்' என்றால் புரிகிறது, ஓட்டும்போது 'பிளாட்பேக் ரன் ஜிம்ப்' என்றால் அப்படி ஒன்று இல்லை என்கிறது. ஓஆர்ஜி, புள்ளி, ஜிம்ப், புள்ளி, மறுபடியும் ஜிம்ப் என்று முழு முகவரியும் வேண்டும், அதிலும் கடைசி ஜிம்ப் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், ஒன்று சின்னதானாலும் திறக்காது. வீட்டு ஆளைக் கூப்பிட அடையாள அட்டை நம்பர் கேட்கிற மாதிரி. ஓஆர்ஜிக்கு அப்புறம் இரண்டு எழுத்து அடித்து டேப் விசையைத் தட்டினால் மிச்சத்தை அதுவே நிரப்பும். முகவரி மறந்தால் 'பிளாட்பேக் லிஸ்ட்' காட்டிவிடும். நான் ஏப்ட் ஜிம்ப்பை நீக்கிவிட்டு, டெர்மினலின் அமைப்புக் கோப்பான பேஷ்ஆர்சியில் ஏலியஸ், அதாவது நீளமான கட்டளைக்கு ஒரு செல்லப்பெயர், ஒரு வரி எழுதினேன், இப்போது 'ஜிம்ப்' என்று அடித்தால் 3.0 வருகிறது. மெனுவில் ஐக்கன் வராதவர்கள் ஒருமுறை லொக்அவுட் செய்து உள்ளே வந்து பாருங்கள்.

இன்னொரு விஷயம், பிளாட்பேக்கில் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு வேலிக்குள்தான் ஓடும், எது வரைக்கும் பார்க்கலாம் என்பது அதனதன் அனுமதியைப் பொறுத்தது. ஜிம்ப்பில் எனக்குத் தொல்லை வரவில்லை, என் தமிழ் ஃபொண்ட்டெல்லாம் அப்படியே தெரிந்தன. ஆனால் பிளாட்பேக் ஃபயர்பொக்ஸ் தானாகப் பார்ப்பது டவுன்லோட்ஸ் ஃபோல்டரை மட்டும்தான், பென் டிரைவில் இருக்கிற பக்கத்தின் பாதையை நேராக அடித்தால் காணவில்லை என்கிறது. ஃபிளாட்சீல் என்று ஒரு சின்ன புரோகிராம் போட்டால் அந்த வேலியை மவுஸாலேயே திறக்கலாம், மூடலாம்.

புது ஜிம்ப் நன்றாக இருக்கிறது. நிழல், மங்கல் போட்ட பிறகும் எழுத்தைத் திருத்த முடிகிறது, தேதியை மூன்று தரம் மாற்றுகிற கமிட்டிக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். இன்க்ஸ்கேப் என்கிற வரைகிற புரோகிராமையும் பிளாட்பேக்கில் போட யோசிக்கிறேன், ரன்டைம் ஒரே பதிப்பாக அமைந்தால் மூட்டை மறுபடி இறங்காது. மாதத்துக்கு ஒருமுறை 'பிளாட்பேக் அன்இன்ஸ்டால்' கட்டளையோடு 'அன்யூஸ்ட்' சேர்த்து அடித்து, தேவையில்லாத பழைய ரன்டைமைக் கழிக்கிறேன். மற்றபடி கால்குலேட்டர் மாதிரி சின்னச் சின்னதுக்கெல்லாம் ஏப்ட்தான், அதற்கெல்லாம் இரவு டேட்டாவைக் கரைக்க மாட்டேன்.