ஜன்னல் வலையும் பிசானத்துப் பூச்சியும்

ஜன்னலில் ஒட்டி மாட்டும் வெல்க்ரோ வலையை ஈசலுக்காக வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். கொசுவுக்கும் அது போதும். நெல் வயலிலிருந்து வரும் பச்சைப் பூச்சிக்காக என்றால், கொஞ்சம் பொறுங்கள். இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வரக் காரணம் அப்பளம். கல்லிடைக்குறிச்சியில் வீட்டிலேயே அப்பளம் இட்டுக் கொடுக்கிறேன். உளுந்து மாவில் பிரண்டைச் சாறும் பெருங்காயமும் சேர்த்து இடித்த மாவு, காற்றுப் பட்டால் மேலே காய்ந்துவிடும். பிறகு குழவிக்கு இழுபடாது, ஓரம் கிழியும். அதனால் வேலை நடக்கும்போது ஃபேன் போட முடியாது. ஃபேன் இல்லையென்றால் ஜன்னலைத் திறந்துதான் ஆக வேண்டும். எங்கள் கொல்லையைத் தாண்டினால் கன்னடியன் கால்வாய் பாயும் வயல். ஜன்னலைத் திறந்து விளக்கைப் போட்ட கையோடு பூச்சி வந்துவிடும். ஒரு பச்சைப் பூச்சி மாவில் விழுந்து அதன்மேல் குழவி ஓடிவிட்டால் அப்பளத்தின் நடுவே பச்சையாக ஒரு பொட்டு. அதை யாருக்கும் கொடுக்கவும் முடியாது, மாவோடு திரும்பச் சேர்க்கவும் முடியாது. அது நஷ்டக் கணக்குதான்.

எங்கள் பக்கம் பூச்சிக்கும் போகம் உண்டு. முதல் போகமான கார் நெல் அறுவடையாகும் புரட்டாசி வாக்கில், வயல் காலியானதும் அந்தப் பச்சைப் பூச்சி ஊருக்குள் வரும். ஐப்பசியில் மழை பிடித்தால் ஈசல். அப்புறம் பிசானம் என்கிற இரண்டாம் போக நெல் கதிர் விட்டு முற்றுகிற தை, மாசியில் மறுபடியும் பச்சைப் பூச்சி. இலை அசையாமல் புழுங்குகிற சாயங்காலம்தான் அதற்குப் பிடித்த நேரம். வேளாண்மைத் துறைக்காரர்கள் இதைப் பச்சைத் தத்துப்பூச்சி என்கிறார்கள். நெல்லில் துங்ரோ நோயைப் பரப்புவது இதுதான். வயல்காரர்களுக்கு அந்தக் கவலை, எனக்கு என் மாவுக் கவலை.

ஈசலைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. மழை பெய்து ஓய்ந்த அந்தியில் புற்றிலிருந்து புறப்படும், விளக்கைச் சுற்றும், இறகை உதிர்க்கும், அத்தோடு சரி. "அந்தி ஈசல் பூத்தா அடைமழை, பாத்துக்கோ" என்று அத்தை சொல்வார்கள். வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு வாசல் விளக்குக்குக் கீழே அகலச் சட்டியில் தண்ணீர் வைப்பது அவர்கள் வழி. முக்கால்வாசி அதில் விழுந்துவிடும். சின்ன வயதில் ஈசலை இறகு போகப் புடைத்து, பொரியோடு வறுத்துத் தின்றவர்கள் அவர்கள். நான் வாரியலால் கூட்டித் தள்ளுவதைப் பார்த்தால் இன்றும் அவர்களுக்கு மனசு ஆறாது.

சரி, வலைக்கு வருகிறேன். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி வந்து அளவெடுத்துப் போட்டுக் கொடுத்தார். சாம்பல் நிறக் கண்ணாடியிழை வலை, ஓரம் முழுக்க வெல்க்ரோ தைத்தது. சதுர அடிக்கு 90 ரூபாய், ஒட்டுகிற கூலி உட்பட. பச்சை நைலான் வலையை மீட்டர் கணக்கில் வாங்கி ஆணி அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். நைலான் எங்கள் வெயிலில் மொரமொரப்பாகி, விரல் பட்டாலே கிழியும். இந்த வலையைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசி, உதறி, அப்படியே திரும்ப ஒட்டிவிடலாம். மாவுத்தூசி படிகிற என் வீட்டுக்கு அது பெரிய வசதி.

குறை எங்கே என்றால் பசையில். மாடி ஜன்னலுக்கு எனாமல் பெயிண்ட் அடித்திருக்கிறது. அங்கே ஒட்டியது இன்றுவரை அசையவில்லை. கீழே வேலை நடக்கும் அறையில் பழைய தேக்குச் சட்டம், வருடக்கணக்கில் எண்ணெய் தடவித் துடைத்தது. அங்கே ஆடிக்காற்று வரும் வரைதான் தாங்கியது. ஒரு மத்தியானம் ஒரு பக்கம் உரிந்து பாய்மரம் மாதிரி படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. தம்பியைக் கூப்பிட்டால், "எண்ணெய் ஏறின மரத்துல பசை நிக்காதுக்கா. சட்டத்தைத் தேய்ச்சு எனாமல் அடிச்சிட்டுச் சொல்லுங்க, வந்து ஒட்டித் தாரேன்" என்கிறார். ஒட்டுவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. டிஸ்டெம்பர் அடித்த சுவரிலும் இதே கதைதான் என்று பக்கத்து வீட்டில் பார்த்தேன், அங்கே வெல்க்ரோ சுவர்ப் பொடியையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்துவிட்டது.

பசை நின்றாலும் பச்சைப் பூச்சி நிற்காது என்பதுதான் அடுத்த சங்கதி. பொதுவாகக் கிடைக்கும் வலை 18க்கு 16, அதாவது ஓர் அங்குலத்தில் ஒரு வாக்கில் 18 இழை, மறு வாக்கில் 16. கண் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கொசு அதில் நுழையாது, ஈசல் கிட்டவே வர முடியாது. தத்துப்பூச்சி நீளத்தில்தான் நான்கு மில்லிமீட்டர் வாக்கில் இருக்கிறது, உடம்போ ஒடிசல். சின்னது எல்லாம் தலையைக் கொடுத்து நெளிந்து உள்ளே வந்துவிடுகிறது. அதைவிட நெருக்கமாக 20க்கு 20 என்று ஒரு வலை உண்டு. கேட்டால்தான் கொண்டுவருவார்கள். வேலை அறைக்கு மட்டும் அதையே அலுமினியச் சட்டத்தில் நகர்த்தும் கதவாகப் போட்டேன், சதுர அடிக்கு 240 ரூபாய். பழைய மரச்சட்டம் கோணல் என்பதால் ஒரு மூலையில் சந்து விழுந்தது, பிரஷ் மாதிரி ஒரு நாடாவை ஒட்டி அடைத்துக் கொடுத்தார். காற்று குறைகிறது, அதை மறைக்க மாட்டேன். சித்திரையில் அந்த அறையில் உட்கார்ந்து மாவு இடிப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். பூச்சி மட்டும் ஏறக்குறைய நின்றுவிட்டது.

ஏறக்குறைய என்று சொல்வதற்குக் காரணம், மிச்ச வேலையைச் செய்தது பல்பு. பூச்சியை அதிகம் இழுப்பது புற ஊதாவும் நீலமும் கலந்த வெளிச்சம். வெள்ளை எல்இடியில் நீலம் தூக்கலாக இருக்கும், மஞ்சள் எல்இடியில் குறைவு. உள்ளே மஞ்சள் பல்பு, கொல்லைக் கோடியில் ஒரு வெள்ளை பல்பு, அதன் கீழே கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்ட தண்ணீர்ச் சட்டி. வயலில் வைக்கும் விளக்குப்பொறியின் சின்ன வடிவம்தான் இது. அத்தைக்கு ஏகத் திருப்தி. ஒரு தொல்லை உண்டு. மஞ்சள் வெளிச்சத்தில் அப்பளத்தின் வெள்ளை சரியாகத் தெரியாது, நிறம் பார்த்துப் பிரிக்கும் வேலையைக் காலைக்குத் தள்ள வேண்டியிருக்கிறது.

நீல விளக்கு எரிய, பூச்சியைச் சுட்டுப் பொசுக்கும் மெஷினைத் தின்பண்டம் செய்யும் வீட்டில் வாங்கவே வாங்காதீர்கள். வயலில் சும்மா இருந்த பூச்சியையும் வீட்டுக்குள் அழைக்கும். பட்டென்று வெடிக்கும்போது காலும் இறகும் சுற்றிலும் தெறிக்கும்.

வலை போட்டும் எப்போதாவது உள்ளே வருகிற ஒன்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கறுப்பும் ஆரஞ்சும் மாறிமாறி, எறும்பைக் கொஞ்சம் நீட்டிவிட்டது போல இருக்கும். கழுத்தில் ஊர்ந்தால் அடித்து நசுக்காதீர்கள். அது கடிப்பதில்லை, கொட்டுவதில்லை. உடம்பு நசுங்கினால் வரும் சாறுதான் தோலில் கோடு கோடாகச் சிவந்து கொப்புளம் போட வைக்கும். ஊதித் தள்ளிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். வயலில் இது தத்துப்பூச்சியைத் தின்கிற நல்ல ஜாதி.

போட்டுக் கொடுத்த தம்பிக்கு அஞ்சுக்கு மூன்றரை கொடுப்பேன். அளவு கச்சிதம், தையல் சுத்தம், உரிந்ததைக் காசு வாங்காமல் திரும்ப ஒட்டினார். ஆனால் போன் செய்தால் "இந்தா வந்துட்டேன்க்கா" என்பார், அந்த "இந்தா" சமயத்தில் வாரக்கணக்கு. மழைக்காலம் தொடங்கிவிட்டால் ஆள் கிடைப்பதே கஷ்டம், ஆவணியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். ஜன்னல் எண்ணெய் மரமா, எனாமலா என்பதையும், 20க்கு 20 வேண்டும் என்பதையும் நீங்களே வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

வாசலுக்கு மடிப்பு வலைக் கதவு போடச் சொல்லி அவரே ஒரு விலை சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அப்பளம் வாங்க வருகிறவர்களும் மாவு கொண்டுவருகிறவர்களும் போய்வரும் வாசல் அது, யார் ஒவ்வொரு தடவையும் இழுத்துச் சாத்தப் போகிறார்கள்? பூச்சிக் காலத்தில் வாசல் விளக்கை அணைத்துவிட்டு நடுக்கதவைச் சாத்திக்கொள்கிறோம்.