ஆறு நாளா, ஆறு காட்சியா?

கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்தார் என்கிறது பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமம். அதன் முதல் அதிகாரத்தை வரலாறாகவே எடுப்பவர்களுக்கு ஒரு நாள் என்றால் 24 மணி நேரம்தான். 17-ஆம் நூற்றாண்டில் பேராயர் ஜேம்ஸ் அஷர் பைபிளின் வம்ச அட்டவணைகளைக் கூட்டி, படைப்பு நடந்தது கி.மு. 4004 என்றார். எளிமைதான் இந்த வாசிப்பின் பலம்.

சிக்கல் நான்காம் நாளில். சூரியன் அன்றுதான் வருகிறது. அதற்குள் மூன்று முறை சாயங்காலமும் விடியற்காலமும் ஆகிவிட்டன! முதல் அதிகாரத்தில் மரங்களுக்குப் பிறகுதான் மனிதன்; இரண்டாம் அதிகாரத்திலோ முதலில் மனிதன், அப்புறம்தான் தோட்டத்து மரங்கள். இவை நமது சாதாரண நாட்கள் அல்ல என்று கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின் 5-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். டார்வினுக்குப் பிறகு வந்த சமாளிப்பு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

இலக்கியமாக வாசிப்பவர்கள் அமைப்பைப் பார்க்கிறார்கள்: முதல் மூன்று நாளில் இடங்கள் உருவாகின்றன, அடுத்த மூன்று நாளில் அவற்றை நிரப்புபவை. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. ஆனால் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 5-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் பவுல், முதல் மனிதன் ஆதாமையும் கிறிஸ்துவையும் இருவருமே நிஜ மனிதர்கள் என்பதுபோல எதிரெதிரே நிறுத்துகிறாரே, அங்கே இந்த வாசிப்பும் கொஞ்சம் திணறத்தான் செய்கிறது.